பயனாளியும் ஒப்பீடும்

அந்த இரட்டைப் பெண்களுக்கு அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் வேறு. அவை பிறப்புச் சான்றிதழோடு நின்றுபோயின. தெருவில், வேலையில், சண்டையில், சமாதானத்தில் எங்கேயும் இளையவள் பயனாளி, மூத்தவள் ஒப்பீடு. இந்தப் பட்டங்களைச் சூட்டியது ஓர் அறக்கட்டளை.

பெண்களுக்கு நாலு வயது நடக்கும்போது, ஏழைக் குழந்தைகளின் மனதைப் பண்படுத்தாமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு அது அந்தத் தெருவுக்குள் நுழைந்தது. குழந்தைகளின் வயிற்றைப் பற்றி அதற்கு அவ்வளவாகக் கவலையில்லை. வயிறு வேறு துறை. 'மழலையர் மனவளர்ச்சி முன்பள்ளித் திட்டம்' என்று பெயர்ப்பலகையை விட்டு வழிகிற மாதிரி ஒரு பெயர். பலகை பெரிது, பள்ளிக்கூடம் சிறிது. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டு விழுந்த குழந்தை பள்ளிக்குப் போகும். விழாத குழந்தை எப்போதும் போல் தெருவில் கிடக்கும். இரண்டும் வளர்ந்து ஆளாகும்வரை அவ்வப்போது வந்து அளந்துகொண்டு போவார்கள்.

இளையவளுக்கு விழுந்தது. மூத்தவளுக்கு விழவில்லை.

"ரெண்டும் ஒரே வயித்துல ஒண்ணா கெடந்ததுங்கம்மா. ஒரே பள்ளிக்கூடத்துல உக்காரக் கூடாதா?" என்று அம்மா கேட்டாள். ஊரார் வீட்டு மாடிப்படிகளைத் துடைத்துப் பிழைப்பவள். அவள் வாயிலிருந்து ஒரு கேள்வி வருவதே பெரிய விஷயம்.

அறக்கட்டளைக்காகக் குழந்தைகளை அளக்க வந்த ஆய்வு அம்மாவுக்கு அப்போது இளம் வயது. கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் இரக்கம், இரண்டும் புதுசு. "ரெண்டு பேரையும் சேர்த்துட்டா எங்களால ஒப்பிட முடியாதும்மா. இவ பயனாளி. அவ ஒப்பீடு. ரெண்டு பேருமே எங்களுக்கு ரொம்ப ரொம்ப முக்கியம்."

அம்மா வீட்டுக்கு வந்து வயிற்றெரிச்சலில், "ஏ ஒப்பீடு, அந்தக் குடத்தை எடுத்து வைடி" என்றாள். எரிச்சல் போய்விட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

முன்பள்ளியில் பயனாளி கற்றதை நாம் குறைத்துப் பேசக் கூடாது. அங்கே ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி இருந்தது. அதற்கு முறைத் தொப்பி என்று பெயர். அதை டீச்சர் யார் தலையில் வைக்கிறாரோ அவருக்குத்தான் பேசும் முறை. மற்றவர்கள் கையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தொப்பி வந்ததும் மூன்று விஷயம் சொல்லலாம். என்ன தோணுது, ஏன் தோணுது, என்ன வேணும்.

ஒரு கண்ணியும் உண்டு. சில நாள் டீச்சர் பொதுவாக எல்லாரையும் பார்த்து, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று தேனொழுகக் கேட்பார். "நான், நான்" என்று எந்தக் குழந்தை துள்ளுகிறதோ அதற்கு அன்று முழுக்கத் தொப்பி கிடையாது. அவசரத்தை அடக்கப் பழக்குகிறார்களாம். முதல் வாரம் பயனாளி துள்ளினாள். மூக்குச் சளியோடு மூலையில் உட்கார்ந்து அழுதாள். அதன் பிறகு அவள் துள்ளவே இல்லை. எல்லாரையும் பார்த்துக் கேட்கிற கேள்வி தனக்கான கேள்வி இல்லை என்பது அவள் எலும்புக்குள் இறங்கிவிட்டது. வருடக் கடைசியில் அவளுக்குத்தான் முதல் நட்சத்திரம்.

வீட்டில் சோற்றுச் சட்டி நடுவில் இருக்கும். பயனாளி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"எடுத்துத் தின்னேன்டி, என்ன படம் புடிக்கிறாங்களா?" என்பாள் ஒப்பீடு, வாய் நிறையச் சோற்றோடு.

"என் முறை வரும்."

"வரும் வரும். அதுக்குள்ள சட்டி காலி."

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "சின்னவளுக்கு முறை தெரியும். பெரியவளுக்கு முறைக்கத்தான் தெரியும். ரெண்டையும் கலந்து ஒரு புள்ளையாப் பெத்திருக்கலாம்."

ஆய்வு அம்மா சொன்ன சொல் தவறாமல் அளக்க வந்தார். பயனாளிக்குக் கேள்வித்தாள், பாராட்டு. ஒப்பீட்டுக்குக் கேள்வித்தாள், ஒரு டப்பா வண்ணப் பென்சில். கோபம் வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்விக்குப் பயனாளி, "மூச்சை மெதுவா இழுத்து விடுவேன்" என்றாள். ஒப்பீடு, "யார் மேலங்கிறதைப் பொறுத்து" என்றாள். அறிவுள்ள பதில்தான். ஆனால் அதற்கான கட்டம் தாளில் இல்லை. 'தன்னடக்கம்: மிகக் குறைவு' என்ற கட்டத்தில் குறி விழுந்தது.

பயனாளி பத்துப் பேரோடு பழகினாள், படுத்தால் தூங்கினாள், அடுத்தவள் அழுதால் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒப்பீடு தன்னைத் திருடி என்று சொன்ன வாத்தியார் மேல் மைப்புட்டியை எறிந்துவிட்டுப் படிப்பை முடித்துக்கொண்டாள். அவள் திருடவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. மைப்புட்டி எறிந்தது மட்டும் அறிக்கையில் ஏறியது. ஆய்வு அம்மாவின் வரைபடத்தில் ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு இறங்கியது. அந்த இரண்டு கோடுகளையும் கூட்டிக்கொண்டு அவர் பல மாநாடுகளுக்கு விமானத்தில் போய்வந்தார். கோடுகளுக்குச் சொந்தக்காரிகள் நடந்தே வேலைக்குப் போனார்கள்.

வேலை, சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் அனுப்புகிற போர்வை, விரிப்பு, தலையணை உறை மலைபோல் வந்து குவியும். முதலாளிதான் அறக்கட்டளைத் தலைவர். திட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தே ஆவேன் என்று மேடையில் ஒருமுறை கண்கலங்கிச் சொல்லிவிட்டார்; அதிலிருந்து, குறைந்த கூலிக்கு ஆள் தேடும் தொல்லை அவருக்கு விட்டது. பொறுமைசாலியான பயனாளிக்கு மடிப்பு மேசை. எதிர் வரிசையில், ஈர விரிப்பை விளிம்பு பிடித்துக் கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் ஊட்டுகிற வேலை ஒப்பீட்டுக்கு.

உருளையின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் உருளை நின்றுவிடும். தடித்த போர்வை பட்டாலும் நிற்கும். ஆஸ்பத்திரிப் போர்வைகள் வருகிற நாளில் நின்று நின்று போனால் கணக்கு எப்படி முடியும்? சூப்பர்வைசர் மடிப்பு மேசைக்கு வந்தார்.

"ஒரு கிழிசல் உறை இருந்தா குடும்மா."

பயனாளி பழைய தலையணை உறையில் ஒரு நீளப் பட்டை கிழித்து, ஓரத்தை நேராக்கி, மடித்துக் கொடுத்தாள். அவர் அதைக் கொண்டுபோய்த் தடுப்புக் கம்பியைப் பின்னால் இழுத்துக் கட்டினார். பயனாளி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பீடு, "யோவ், கை போனா நீயா தருவே?" என்று கத்தினாள். "உன் வாய்தான் முதல்ல போகும்" என்று அவர் சிரித்தார். உருளை நிற்காமல் ஓடியது. மூன்றாவது நாள், சுருண்ட விளிம்பை நீவிவிடப் போன ஒப்பீட்டின் வலது கையை அது போர்வையோடு சேர்த்து உள்ளே இழுத்தது.

எல்லாரும் அலறினார்கள். சூப்பர்வைசர் ஓடினார், எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாமல். பயனாளி மட்டும் மேசையைச் சுற்றிவந்து, மூச்சை இழுத்து, சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். முழங்கைவரை போக வேண்டியது மணிக்கட்டோடு நின்றது. அந்தக் கை இன்னும் கை என்று இருப்பது முன்பள்ளியின் புண்ணியம். இதையும் நாம் மறைக்கக் கூடாது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சம் வெந்த தோலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்னொரு அறுவை செய்து கட்டை விரலைப் பிரித்துவிட்டால் எதையாவது பிடிக்கலாம், சீக்கிரம் செய்யாவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். இயந்திரத்தின் தவறென்றால் செலவு கம்பெனியுடையது. தொழிலாளியின் தவறென்றால் கட்டை விரலும் போய், வேலையும் போகும். எது என்று தீர்மானிக்க ஒரு விசாரணை.

சலவைக்கூடத்துக்கு மேலே, கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் அது நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மெத்தை நாற்காலிகள், இந்தப் பக்கம் முக்காலிகள். தலைவர், சூப்பர்வைசர், தொழிலாளர் நல அதிகாரி. அதிகாரியின் ஒரு கண் கைபேசியில், இன்னொரு கண் தேநீர் வருகிற கதவில். கூடவே, நிபுணர் என்ற முறையில், இப்போது கண்ணாடி போட்டு முனைவராகிவிட்ட ஆய்வு அம்மா, இருபது வருட அறிக்கையோடு.

"தடுப்புக் கம்பி வேலை செஞ்சுதா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஜம்முன்னு செஞ்சுது சார். இப்பவே வந்து பாருங்க" என்றார் சூப்பர்வைசர். இப்போது செய்யத்தான் செய்யும். கட்டிய துணியை அன்றைக்கே அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாரே.

"பொய்!" ஒப்பீடு முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "துணியால இறுக்கிக் கட்டி வச்சியேய்யா! நாக்கு கூசல உனக்கு?"

"பாப்பா, மெதுவா, மெதுவா" என்றார் தலைவர்.

"பாப்பாவாம் பாப்பா! வெந்தது என் கை. நான் மெதுவாப் பேசணுமாம்!" நல்ல கையால் மேசையில் ஓர் அறை. தேநீர்க் கோப்பை துள்ளி அறிக்கை மேல் கவிழ்ந்தது.

ஆய்வு அம்மா ஈரத் தாளைக் கைக்குட்டையால் ஒற்றியபடி பெருமூச்சு விட்டார். "இதைத்தான் நான் நாலு வயசிலேருந்து எழுதிட்டு வரேன். அவசரம், ஆத்திரம், கவனம் நிக்காது. மைப்புட்டி விஷயம்கூட இதுல இருக்கு. ஆனா இவங்க மேல தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். முன்பள்ளி கிடைக்காததோட நீண்டகால விளைவு இது. தப்பு சமுதாயத்துது."

ஆக, குற்றவாளி சமுதாயம் என்று முடிவாயிற்று. இயந்திரம் விடுதலை. சமுதாயத்திடம் போய்க் கட்டை விரலுக்கு அறுவை செய்துகொடு என்று யார் கேட்பது?

"நீ கொஞ்சம் வெளில உக்காரும்மா. ஆறினதும் கூப்பிடறோம்" என்றார் அதிகாரி. ஒப்பீடு போகிற போக்கில் தங்கையின் காதருகே குனிந்தாள். "நீ சொல்லுடி. உன்னைத்தானே இவங்களுக்குப் பிடிக்கும். நீ சொன்னாக் கேப்பாங்க."

"தங்கச்சி சாட்சியா வந்திருக்கு" என்று அதிகாரி தாளைப் பார்த்துச் சொன்னார்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "நம்ம குழந்தை! சொல்லட்டும், சொல்லட்டும். கடைசியில கேப்போம். உன் முறை வரும்மா."

பயனாளி காத்திருந்தாள். துணி, கிழித்த இடம், கட்டிய நாள் எல்லாம் வரிசையாக நெஞ்சில் நின்றன. அவர்கள் பேசினார்கள். தேநீர் மறுபடி வந்தது. அதிகாரியின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த விஷயம் வந்தது. பிறகு தலைவர் பேனாவின் மூடியைத் திறந்து, அறை முழுவதையும் பொதுவாகப் பார்த்து, தேனொழுகக் கேட்டார்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

பயனாளியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கைகள் தாமாகவே மடிக்கு வந்தன. முதுகு நிமிர்ந்தது. இது எல்லாரையும் கேட்கிற கேள்வி. இதற்குத் துள்ளினால் முறை போய்விடும். அவள் தலைவரின் முகத்தையே பார்த்தாள், அவர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று. அவரும் பார்த்தார். புன்னகைத்தார். அவளும் புன்னகைத்தாள். ஆய்வு அம்மா நெகிழ்ந்துபோய் அதிகாரியின் காதில், "எப்படி உக்காந்திருக்கா பாருங்க" என்றார்.

"சரி, முடிச்சுக்கலாம்" என்றார் தலைவர்.

'தொழிலாளியின் கவனக்குறைவு. சாட்சி எதுவும் கூற விரும்பவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

வெளியே பெஞ்சில் ஒப்பீடு காத்திருந்தாள். "சொன்னியா?"

"என் முறை வரலக்கா."

ஒப்பீடு கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை. தளர்ந்துபோன கட்டுத்துணியின் முனையைப் பல்லால் கடித்து இழுத்து, கையை மறுபடி சுற்றிக்கொண்டாள். பிறகு, "அந்தத் தொப்பிய வச்சாத்தான் உனக்கு வாய் திறக்குமாடி?" என்று மட்டும் கேட்டாள்.

கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் அடுத்த வாரமே ஆய்வு அம்மா வீட்டுக்கு வந்து நின்றார். திட்டத்தின் இருபதாம் ஆண்டு விழாவாம். பெரிய கூடம், பெரிய மனிதர்கள். பழைய முறைத் தொப்பியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்களாம். மேடையில் தலைவர் கையாலேயே பயனாளியின் தலையில் வைத்து, அவளைப் பேசச் சொல்லப் போகிறார்களாம். "ஒப்பீடும் வரணும். கடைசி வரிசையில இடம் போட்டிருக்கோம்" என்று மறக்காமல் சொன்னார்.

பயனாளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த முறை முறை வந்தே தீரும்.

விழாவில் முதலில் அமைச்சர் ஒருவர் குழந்தைகளை மொட்டுகள் என்றார். அடுத்தவர் விதைகள் என்றார். அதற்கடுத்தவர் யோசித்துப் பார்த்து, நாற்றுகள் என்றார். தாவரங்கள் தீர்ந்ததும் திரையில் இரண்டு கோடுகள் தோன்றின. ஏறுகிற கோட்டுக்குக் கைதட்டல். இறங்குகிற கோட்டுக்கு ஓர் அடக்கமான 'ச்சு ச்சு'. இறங்குகிற கோடு கடைசி வரிசையில், ஒப்பீட்டுக் குழுவுக்கென்று கொடுத்த மஞ்சள் அட்டையைக் குத்திக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மடியில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தது.

தலைவர் சிவப்புத் தொப்பியை எடுத்தார். நாலு வயதுத் தலைக்குச் செய்தது. பயனாளியின் உச்சியில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்தது. கூடம் சிரித்தது.

"இப்ப உன் முறைம்மா. பேசு."

அவளையே பார்த்து, அவளை மட்டும் கேட்டார். பயனாளி மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். நாக்கு அவிழ்ந்தது.

"எனக்குக் கோபமா இருக்கு" என்றாள். கணீரென்ற குரல். "ஏன்னா, எங்க உருளையோட தடுப்புக் கம்பிய சூப்பர்வைசர் துணியால கட்டி வச்சாரு. அந்தத் துணிய நான்தான் கிழிச்சுக் குடுத்தேன். அதனாலதான் எங்கக்கா கை போச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு என்ன வேணும்னா, நீங்க எழுதின தீர்ப்பை மாத்தணும். அவ கட்டை விரலைப் பிரிச்சு விடணும்."

சொல்லிவிட்டு, பழக்கப்படி, "நன்றி. என் முறை முடிஞ்சுது" என்றாள்.

பிறகு ஆய்வு அம்மா எழுந்தார். கண்களில் தண்ணீர்.

"பார்த்தீங்களா!" என்றார் ஒலிவாங்கியில், குரல் தழுதழுக்க. "என்ன தோணுது, ஏன் தோணுது, என்ன வேணும்! மூணு படியும்! இருபது வருஷம் ஆகியும் ஒரு படி தவறல! இவ்வளவு கோபத்தையும் எவ்வளவு அழகா, குரல் உசத்தாம, யார் மனசையும் புண்படுத்தாம சொன்னா பாருங்க!"

கூடம் எழுந்து நின்று தட்டியது. தலைவர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அமைச்சர் பக்கத்திலிருந்தவரிடம், "எந்தக் கம்பி?" என்று கேட்டார். "பயிற்சிக்கு ஒரு எடுத்துக்காட்டுங்க" என்றார் அவர். படம் பிடிப்பவன் பயனாளியை இன்னொரு முறை நிமிர்ந்து நிற்கச் சொன்னான்.

அந்தக் கூடத்தில் கை தட்டாதவள் ஒருத்திதான். அவளால் முடியாது. ஆய்வு அம்மாவின் மாணவர் ஒருவர் வரிசை வரிசையாகப் பார்த்துக் கணினிப் பலகையில் குறித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் அட்டையைக் கவனித்து நின்றார். 'ஒப்பீட்டுக் குழு: பிறர் மகிழ்ச்சியில் பங்கேற்பு இல்லை' என்று பதிந்துகொண்டு நகர்ந்தார்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். இருவரும் ஓரமாக நின்றார்கள்.

"சொல்லிட்டேன்கா" என்றாள் பயனாளி.

"ம். கேட்டாங்களா?"

"தட்டினாங்க."

"கேட்டாங்களான்னு கேட்டேன்."

ஒப்பீடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தச் சனியனைக் கழட்டுடி முதல்ல. எல்லாரும் பாக்கறாங்க."

தொப்பி இன்னும் தலையில்தான் இருந்தது. பயனாளி அதை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

பேருந்து வந்தது. கூட்டம் மொத்தமாகப் பாய்ந்தது. ஒப்பீடு முழங்கையால் நாலு பேரை விலக்கிக்கொண்டு படியில் காலை வைத்து, பழக்கதோஷத்தில் வலது கையைக் கம்பிக்கு நீட்டினாள். கட்டுத்துணி கம்பியில் பட்டு வழுக்கியது. யாரோ ஒருவன் இடித்துத் தள்ள, அவள் மறுபடி தரைக்கே வந்தாள். பயனாளி இரண்டடி பின்னால், எல்லாரும் ஏறி முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள். வண்டி கிளம்பிப் போனது.

"அடுத்த பஸ் வரும்கா" என்றாள் பயனாளி.

"வரும் வரும்" என்றாள் ஒப்பீடு.